இரும்புக்கும் கைக்கும் நடுவில்

மகள் வெண்ணிலா போய், மழையும் ஓய்ந்து, சுவரெல்லாம் ஈரம் காய்ந்த பிறகு, அவள் எடை தூக்கிப் பழகிய இரும்பை எடுத்துப்போகப் பழைய சாமான் வண்டிக்காரனை வரச் சொல்லியிருந்த ஒரு காலையில், வண்டி வருவதற்குள் ராடை வாசல்வரைக்குமாவது கொண்டுவந்து போட்டுவிடலாம் என்று நவநீதம் குனிந்து அதைப் பிடித்தபோது, ராடுக்கும் அவளுடைய உள்ளங்கைக்கும் நடுவில் இன்னொரு உள்ளங்கை இருந்தது.

அவள் கத்தவில்லை. அடுப்பில் பால் இருந்தது, கம்பெனி பஸ் வருகிற நேரமாகிவிட்டது, முன்னறையில் அவள் புருஷன் தணிகாசலம் பஞ்சர் கடைக்குக் கிளம்பிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். ராடின் இரண்டு பக்கமும் வெண்ணிலா கடைசியாக மாட்டிவைத்த பிளேட்டுகள் அப்படியே இருந்தன. முதலில் அவற்றைக் கழற்ற வேண்டும் என்பது நவநீதத்துக்குத் தெரியாது. தெரியாமலே இழுத்தாள், அசைந்திருக்கவே கூடாத அந்த எடை, கல்யாண வீட்டில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்த அண்டாவைப் போல அவளோடு சேர்ந்து எழுந்து முழங்கால்வரை வந்து நின்றது.

கைகளை அறிவதுதான் அவள் பிழைப்பு. ஊருக்கு வெளியே பாலாற்றங்கரையில் இருந்த தோல் கையுறைக் கம்பெனியில், தைத்து வருகிற கையுறைகளுக்குள் கையை விட்டு, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, தையல் விட்ட இடத்தையும் தோல் மெலிந்த இடத்தையும் விரலாலேயே கண்டுபிடித்துக் கழித்துப்போடுகிற வேலை. பேருக்கேற்ற கை, வெண்ணெய்க் கை என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கை, தனக்குக் கீழே இருந்த கையைத் தடவித் தெரிந்துகொண்டது: விரல்கள் தொடங்குகிற இடத்தில் புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்ததுபோல் காய்ப்பு, இடது மோதிரவிரலின் அடியில் ஒருமுறை பிய்ந்து ஆறிய தழும்பு, கட்டைவிரல் மற்ற விரல்களுக்குள் மடங்கியிருக்கிற பிடி. வெண்ணிலாவைத் தவிர வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது.

பால் பொங்கி அடுப்பு அணைந்தது. வண்டிக்காரன் வாசலில் நின்று மணியடித்தான். நவநீதம் ராடைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து, "இரும்பு குடுக்கலப்பா, வேலையா கீது" என்றாள்.

அந்தத் தெருவுக்குக் கொல்லமேட்டுத் தெரு என்று பெயர். பெண்கள் கையுறைக் கம்பெனிக்குப் போனார்கள், பிள்ளைகள் எடை தூக்கினார்கள். என்றோ ஒருவனுக்கு எடை தூக்கியதால் ரயில்வேயில் வேலை கிடைத்து, இன்னொருவனுக்குப் போலீசில் கிடைத்து, அதிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் கடன்பட்டாவது ஒரு ராடும் நாலு பிளேட்டும் வாங்கிப் பின்னறையில் போட்டுவிடுவது வழக்கமாயிற்று. பிள்ளைகள் வேலை கிடைத்துப் போனார்கள், அல்லது கிடைக்காமல் வேறெங்கோ போனார்கள், இரும்பு மட்டும் கட்டிலடியில் துருவேறிக் கிடந்தது. கையுறைகளும் கிடந்தன. கழித்த கையுறைகளை ஜோடியாகக் கொடுத்தால் வெளியில் விற்றுவிடுவார்கள் என்று கம்பெனியில் இடது கையை மட்டும் வேலையாட்களிடம் கொடுத்து, வலது கையைக் கத்தியால் கீறிப்போடுவார்கள். ஆகவே அந்தத் தெருவில் எங்கே பார்த்தாலும் இடது கைகள்தான். இடது கையுறையால் சோற்றுப்பானை இறக்கினார்கள், இடது கையுறையை வேலிக்கம்பில் மாட்டிக் காக்காய் ஓட்டினார்கள், குழந்தைகள் இடது கையுறையில் மணலை அடைத்துப் பொம்மை செய்தார்கள்.

அப்படி இருந்தும் நவநீதம் தன் மகளுக்கு ஒரு ஜோடி செய்தாள். அவள் தூங்கும்போது நூல் வைத்துக் கையை அளந்துகொண்டு, கறுப்பு ஆட்டுத்தோலில் ஓர் இடது கையைத் தேர்ந்தெடுத்து, வலது கைக்கு ஓரத்துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்துத் தைத்தாள். துண்டுகள் பழுப்பு நிறத்தில்தான் கிடைத்தன. ஒரு கை கறுப்பு, ஒரு கை பழுப்பு. வெண்ணிலா அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாம்மா இது, ஜோக்கர் மாதிரி?"

"போட்டுக்கடி. கையப் பாரு, மம்பட்டி பிடிக்கிறவன் கை மாதிரி. நாளைக்கு ஒருத்தன் மோதிரம் போடணும்னு கையப் புடிச்சான்னா ஓடிப்போயிடுவான்."

"ஓடுறவன் ஓடட்டும். தோலு நடுவுல வந்தா இரும்பு எங்க கீதுன்னே தெரியாதும்மா. கண்ணைக் கட்டிக்கினு நடக்கிற மாதிரி."

கையுறைகள் ஆணியில் தொங்கின. எடைதூக்கும் கிளப்பில் பயிற்சி கொடுக்கிற ஏகாம்பரம் மாஸ்டரும் அவள் பக்கம்தான் பேசினார். நவநீதம் தோற்றுப்போனாள், ஆனாலும் ஒவ்வொரு நாளும் பின்னறையைக் கூட்டும்போது அந்த ஜோடியைத் தட்டித் துடைத்து அதே ஆணியில் மாட்டினாள். பிறகு ஐப்பசியில் காய்ச்சல் வந்தது. அந்த மழையில் தெருவில் எத்தனையோ பேருக்கு வந்து போன காய்ச்சல்தான், வெண்ணிலாவிடம் மட்டும் அது தங்கிவிட்டது. வியர்வையில் நனைந்த அவள் கையை நவநீதம் பிடித்துக்கொண்டிருந்தாள், பிடித்துக்கொண்டே இருந்தாள், எந்த நொடியில் அது வெறும் கையாயிற்று என்று அவளுடைய வெண்ணெய் விரல்களுக்கும் தெரியவில்லை. சுவரில் சாக்கட்டியால் வெண்ணிலா பெரிதாக எழுதிய 90 அப்படியே இருந்தது. அவள் தூக்க நினைத்து, தூக்காமலே போன எடை.

இரும்பு திரும்பவும் தரையில் இறங்குகிற சத்தம் கேட்டு முதலில் வந்தவள் பக்கத்துவீட்டு ஷம்ஷாத். லாரி ஓட்டிய ரஹீமின் மனைவி. அவனும் பாறையேற்றிய லாரியோடு மலைச்சாலையில் கவிழ்ந்து போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சுவரின் அந்தப் பக்கம் அவள் வீட்டு அலமாரித் தட்டுகள் குலுங்குவது வெண்ணிலா இருந்தவரை தினப்படி வழக்கம்.

"அக்கா, காலையில சத்தம் கேட்டுதே. பாப்பா வந்துட்டாளா?"

"வந்துகீறா."

"அப்படியா. நல்லா கீறாளா?"

"கை மட்டும்தான் வந்துது. நல்லாதான் கீது."

ஷம்ஷாத் தலையாட்டினாள். சேமியா கொண்டுவந்திருந்த கிண்ணத்தை மேடையில் வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, "நானும் ஒருவாட்டி புடிக்கட்டுமா?" என்றாள். பிடித்து இழுத்தவள், பாதி தூரத்தில் அப்படியே நின்றாள். அவள் காதில் இருந்த தொங்கட்டான் மட்டும் ஆடியது. "விரலு ஒண்ணு கொறையுது அக்கா," என்றாள் மெல்ல. ரஹீமுக்கு ஜாக்கியில் மாட்டிச் சுண்டுவிரல் போயிருந்தது. "உன் பொண்ணு இல்ல. எங்க வீட்டுக்காரரு."

இப்படியாக அந்தத் தெரு இதைத் தெரிந்துகொண்டது, தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிற மாதிரி, வீட்டுக்கு வீடு, வாசலுக்கு வாசல். கட்டிலடி இரும்புகள் வெளியே வந்தன. மண்ணெண்ணெய் போட்டுத் துருவைத் துடைத்தார்கள். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு முன்னும் மாலையில் பஸ் வந்த பின்னும், பின்னறைகளிலும் சமையலறைகளிலும் மாடிப்படியின் கீழேயும் பெண்கள் குனிந்து இரும்பைப் பிடித்தார்கள், அவரவருக்கு அவரவருடைய கை வந்தது. தாலி கட்டிய கை, பிரசவத்தில் போன தங்கையின் கை, பெயர் வைக்கும் முன்பே போன குழந்தையின் கை (அது ராடைச் சுற்றிப் பிடிக்க முடியாமல் அம்மாவின் சுண்டுவிரலையே பிடித்துக்கொண்டது). மூலைவீட்டுப் பட்டம்மாளுக்கு மட்டும் மாமியாரின் கை வந்தது. "உசிரோட இருந்தப்ப ஒரு குடம் தூக்கிக் குடுத்ததில்ல, இப்ப வந்து நறுக்குன்னு கிள்ளுது" என்று அவள் தெருவெல்லாம் சொல்லி, அந்த இரும்பையே கோயில் மண்டபத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள். அங்கேயும் யார் பிடித்தாலும் அவரவர் கைதான் வந்தது. பட்டம்மாளின் மாமியார் வேறு யாரையும் கிள்ளவில்லை.

ஏன் இப்படி என்று யாரும் அதிகம் யோசிக்கவில்லை. எப்படி என்பதைத்தான் யோசித்தார்கள். சீக்கிரமே இரண்டு விஷயங்கள் புரிந்தன. தன்னால் தனியாகத் தூக்க முடிகிற எடைக்கு யாரும் வருவதில்லை. கால் நடுங்கி, கண் இருட்டி, இனி முடியாது என்கிற இடத்தில்தான் கை வருகிறது. இரண்டாவது, வெறுங்கைக்குத்தான் வருகிறது. தோல் நடுவில் இருந்தால் எடை வெறும் எடைதான்.

ஏகாம்பரம் மாஸ்டர் வீடு வீடாக வந்து பார்த்தார். பனியனும் விசிலுமாக, இறந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "முதுக வளைக்காதம்மா. முட்டிய மடக்கு. ராடு காலோட ஒட்டி வரணும். யாரு கை வந்தாலும் முதுகு உன்னுதுதான், பாத்துக்க" என்று எல்லோருக்கும் ஒரே பாடத்தைச் சொல்லிவிட்டுப் போனார். நவநீதத்துக்கு அந்தப் பாடம் தேவைப்படவில்லை. அவள் கட்டைவிரலை வெளியே விட்டுப் பிடித்தால் அந்தக் கை அதை மெதுவாக உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடியது. மகளின் சின்ன வயசில் பலப்பம் பிடிக்கத் தெரியாத விரல்களை அவள் அப்படித்தான் மடக்கிக்கொடுத்தாள்.

தெரு மாறியது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன் வண்டியிலிருந்து இறங்கவே வேண்டியதில்லாமல் போயிற்று, ஷம்ஷாத்தே தோளில் போட்டுக்கொண்டு போனாள். பாலாற்று மணலில் கம்பெனி வேன் புதைந்தபோது பெண்கள் இறங்கி, புடவையைச் செருகிக்கொண்டு, பேச்சை நிறுத்தாமலே அதைத் தூக்கி மேட்டில் வைத்தார்கள். சம்பளநாளில் குடித்துவிட்டு வருகிற ஆண்கள் குரலைத் தணித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தார்கள். ஆனால் யாரும் பலத்துக்காகத் தூக்கவில்லை. பலம் வந்ததுதான் அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது. நேற்று கை வந்த எடை இன்று தனியாகவே எழுந்துவிடும், கை வராது, இன்னொரு பிளேட்டைப் போட வேண்டும். அழைத்தால் வருகிறவர்கள் ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் நிற்பது போல.

அதோடு கை காய்த்தது.

கம்பெனியில் முதலில் கண்டுபிடித்தவள் சூப்பர்வைசர் லூர்துமேரி. நவநீதத்தின் மேசையிலிருந்து போன கையுறைகளில் உள்துணி நூல் பிரிந்திருந்தது, அவளுடைய உள்ளங்கை பட்டுப் பட்டு.

"கைய நீட்டு. அய்யே, இன்னாடி இது? வெண்ணெய் வெண்ணெய்னு கொண்டாடினோம், உப்புத்தாளாட்டம் கீது!"

"வீட்டு வேலை அக்கா."

"எந்த வீட்டு வேலை, மலைய நகத்துறியா? எனக்குத் தெரியாதுன்னு நினைக்காத. அதே வேலைதான் என் வீட்லயும்." லூர்துமேரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்கப்பா வராரு. நான் கிளவுசு போட்டுக்கினு பாத்தேன், வரல. கழட்டினா வராரு. ஆனா கை இப்படி ஆச்சுன்னா இங்க சோறு இல்ல, தெரிஞ்சுக்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டியடியில் கூட்டம் போட்டார்கள். கையுறை போட்டுத் தூக்குவதா, வெறுங்கையால் தூக்குவதா என்பதுதான் பேச்சு. போட்டால் கை பிழைக்கும், வேலை பிழைக்கும், ஆனால் அவர்கள் வரமாட்டார்கள். போடாவிட்டால் வருவார்கள், ஆனால் தோல் தடிக்கத் தடிக்க வந்தவர்களைத் தெரியாது.

"நடுவுல மட்டும் ஓட்டை போட்ட கிளவுசு தச்சா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மாமியாருக்கு ஜன்னல் வச்ச மாதிரி இருக்கும். எனக்கு வேணாம்" என்றாள் பட்டம்மாள்.

"நீ ரெண்டு கையிலயும் ரெண்டு ரெண்டு மாட்டிக்க."

"மாட்டிக்கினுதான் கீறேன்!"

சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒவ்வொருத்தியும் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். ஷம்ஷாத் சொன்னாள்: "எனக்கு நேத்து சுண்டுவிரலு இருக்கா இல்லையான்னே தெரியல. இல்லாத விரலைத்தான் நான் அடையாளமா வச்சிருந்தேன். இப்ப எல்லா விரலும் இல்லாத மாதிரிதான் கீது." கூட்டம் ஒரு முடிவுக்கும் வராமல் கலைந்தது. சிலர் அன்றிலிருந்து கையுறை போட்டார்கள், சிலர் இரும்பைத் திரும்பவும் கட்டிலடியில் தள்ளினார்கள்.

நவநீதம் இரண்டும் செய்யவில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: அந்தக் கை கையில் தெரிய வேண்டும். வேலையை மாற்றி மூட்டை கட்டுகிற இடத்தில் போட்டார்கள், போனாள். தினமும் குளித்து ஊறிய கையைப் படிக்கல்லில் தேய்த்தாள், தேங்காயெண்ணெய் போட்டாள், மாஸ்டர் காட்டியபடி பிளேடால் காய்ப்பைச் சீவினாள். சீவிய இடத்தில் மறுநாள் இன்னும் கெட்டியாக வந்தது. கை வந்தது அவளுக்குத் தெரியும், எடை பாதியாவதால் தெரியும். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நடமாடுவதைத் தெரிந்துகொள்வதுபோலத்தான். தழும்பு எங்கே, புளியங்கொட்டைகள் எங்கே என்று அவள் விரல்கள் தேடின, இரும்பின் சொரசொரப்பைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. பிளேட்டுகளை ஏற்றினாள். பட்டம்மாள் கோயில் மண்டபத்தில் போட்டிருந்த பிளேட்டுகளையும் கொண்டுவந்து ஏற்றினாள்.

தணிகாசலம் இதிலெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பங்குக்குப் பின்னறையில் பழைய லாரி டயர்களை வெட்டிப் பரப்பி, இரும்பு தரையில் மோதாமல் பார்த்துக்கொண்டான். மகளுக்கும் அவன்தான் அப்படிப் பரப்பிக்கொடுத்தான். பிளேட்டுகளை இடம் மாற்ற வேண்டியிருந்தால், டயர் ரப்பரில் தேய்ந்துபோன ஓர் இடது கையுறையும், திருப்பிப்போட்ட இன்னோர் இடது கையுறையுமாக மாட்டிக்கொண்டுதான் இரும்பைத் தொடுவான். அவனுக்குப் பயம் என்று நவநீதம் நினைத்தாள். பெற்ற மகளின் கையைத் தொடப் பயப்படுகிறவனோடு பேச அவளுக்கும் ஒன்றும் இருக்கவில்லை.

மாசி பிறந்தும் பனி விடாத ஒரு காலையில், இழுத்த இழுப்பில், அவளுடைய வலது உள்ளங்கைக் காய்ப்பு மொத்தமும் ஒரு துண்டாகப் பிய்ந்து ராடோடு போயிற்று. இடது கையிலும் பாதி போயிற்று. உள்ளே கொய்யாப்பழத்தின் சதை மாதிரி சிவப்பாக, பளபளவென்று, காற்றுப் பட்டாலே எரிகிற புதுத்தோல். மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "ஆறுறவரைக்கும் ராடுகிட்ட போவாத" என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுப் போனார். நவநீதம் சரி என்றாள். அன்று பகல் முழுக்க அவள் மூட்டை கட்டும் இடத்தில் கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவளைப் போல ஓர் அவசரத்தோடு, மறுநாள் விடிவதற்காகக் காத்திருந்தாள். புதுத்தோல். ஒன்றுமே மறைக்காத தோல்.

மறுநாள் விடிந்ததும் கட்டை அவிழ்த்தாள். சுவரில் இருந்த சாக்கட்டி எண்ணைப் பார்த்து, அதற்குச் சரியாக பிளேட்டுகளை மாட்டினாள். குனிந்தாள். பிடித்தாள். எரிச்சல் தோள்வரைக்கும் ஏறியது. இழுத்தாள். கால் நடுங்கியது, ஜன்னல் இருண்டது, இனி முடியாது என்கிற அந்த இடம் வந்தது, கை வந்தது.

புளியங்கொட்டைகள் இல்லை. தழும்பு இல்லை. கட்டைவிரலை மடக்கிப் பிடிக்கிற பிடி இல்லை. வாழைக்குருத்து மாதிரி மெத்தென்று, காய்ப்பே அறியாத, இரும்பு என்றால் என்னவென்றே தெரியாத ஒரு சின்னக் கை, அவளுடைய கைக்குள் முழுதாக அடங்கிப்போகிற கை, பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகையில் ரோட்டைத் தாண்டுவதற்காக அவள் விரலைப் பிடித்த கை, தொண்ணூறு கிலோவுக்கும் அவளுடைய கிழிந்த உள்ளங்கைக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு நடுங்கியது. நடுங்கியும் விடவில்லை. அம்மாவால் முடியவில்லை என்று அதற்குத் தெரிந்திருந்தது, ஆகவே பிடித்துக்கொண்டே இருந்தது.

நவநீதம் ராடைக் கீழே விட்டாள். டயர்கள் அதை வாங்கிக்கொண்டன. சுவரின் அந்தப் பக்கம் ஷம்ஷாத் வீட்டுத் தட்டுகள் குலுங்கி ஓய்ந்தன.

சத்தத்துக்குத் தணிகாசலம் வந்து அறை வாசற்படியில் நின்றான். அவள் டயர்மேல் உட்கார்ந்திருந்தாள், கைகளை மல்லாத்தி மடியில் வைத்துக்கொண்டு.

"சின்னதாயிடுச்சுங்க," என்றாள். "தேஞ்சுபோச்சு. அவ கையில இருந்ததெல்லாம் என் கைக்கு வந்துடுச்சு."

அவன் உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"எனக்குத் தெரியும்," என்றான். "உனக்கு முன்னாடியே ஒருவாட்டி தொட்டேன். காரியம் முடிஞ்ச மறுநாளு. டயரெல்லாம் எடுத்துட்டுப் போலாம்னு ராடைத் தூக்கினேன். வந்தா. வந்து தூக்கினா. நீ கை எப்படி இருந்துச்சுன்னு பாத்த. நான் கை இன்னா பண்ணுதுன்னு பாத்தேன். கஷ்டப்பட்டுதுடி அது. மூச்சு வாங்கிற மாதிரி." கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். "நம்மளால முடியலன்னா வருது. நமக்கு முடியலன்னு காட்டிக்காம இருந்தா, எங்கியோ நிம்மதியா இருக்கும்னு நினைச்சேன். அதான் கிளவுசு."

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"எப்படிச் சொல்றது? நீ அவளைப் புடிச்சுக்கினு நிக்கிற. வுடுன்னு சொல்ற வாயா இது?"

பயப்படுகிறவன் என்று அவனை நினைத்திருந்த மாதங்களெல்லாம் அவளுக்கு ஒரேயடியாக ஞாபகம் வந்தன. நவநீதம் எழுந்தாள். இப்போது பிடித்தால் இன்னும் ஒருமுறை வரும், கொஞ்சம் சின்னதாக வரும், அப்புறம் தொட்டிலில் விரல் பிடித்த கையாக வரும், அப்புறம் பிடிக்கத் தெரியாத கையாக, அதற்கும் அப்புறம் என்ன என்று அவளுடைய புதுத்தோலுக்கே தெரிந்துவிட்டது. ஆணியைப் பார்த்தாள். கறுப்பும் பழுப்புமான ஜோடி, தினமும் துடைத்த ஜோடி, ஒருநாளும் கை நுழையாத ஜோடி. அதை எடுத்தாள். அன்றைக்கு மகளின் தூக்கத்தில் நூல் வைத்து அளந்த கை நவநீதத்தின் கையைவிடப் பெரியது. இப்போது அந்தக் கறுப்புக்குள்ளும் பழுப்புக்குள்ளும் அவள் கைகள் இறுக்கமில்லாமலும் தொளதொளப்பில்லாமலும், அவளுக்கென்றே தைத்தது போலப் போய் உட்கார்ந்தன. உள்ளே விட்ட விரல் பழக்கத்தில் தையலைத் தேடியது. ஒரு குறை இல்லை.

"மறுபடியும் எதுக்கு?" என்றான் தணிகாசலம்.

"என்னால முடியும்னு அவளுக்குக் காட்டணும். இல்லன்னா ராத்திரி பகலு அவ இங்கியே நின்னுக்கினு இருப்பா."

அவன் எழுந்து நகர்ந்து இடம் விட்டான்.

அவள் முட்டியை மடக்கினாள், முதுகை நேராக வைத்தாள், கட்டைவிரலைத் தானே உள்ளே மடக்கினாள். இழுத்தாள். எடை முழுதும் அவளுடையதாக இருந்தது. இத்தனை மாதமும் பாதிதான் தூக்கிக்கொண்டிருந்தோம் என்பது அந்த நொடியில் அவள் இடுப்புக்கும் தொடைக்கும் தெரிந்தது. ராடு டயரைவிட்டு எழவில்லை. பிறகு எழுந்தது. முழங்காலைத் தாண்டுகிற இடத்தில் கால் நடுங்கியது, ஜன்னல் இருண்டது, அந்த இடம் வந்தது. தோலுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். தனியாகத் தூக்கினாள். நிமிர்ந்து, இடுப்புவரை கொண்டுவந்து, சுவரில் இருந்த எண்ணுக்கு நேராக நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளோ தணிகாசலமோ பிறகு சொன்னதில்லை. பின்பு, தூங்குகிற பிள்ளையைத் தோளிலிருந்து பாயில் இறக்குவதுபோல, சத்தமே வராமல் இரும்பைக் கீழே இறக்கினாள். ஷம்ஷாத் வீட்டில் ஒரு தட்டும் அசையவில்லை.

கையுறைகளைக் கழற்றும்போதுதான் பார்த்தாள். கையுறையில் வியர்வை இறங்கினால் அது உள்ளேயிருந்து வெளியே வரும், துணியை நனைத்து, தையல் வழியாகக் கசிந்து, கடைசியில்தான் மேல்தோலுக்கு வரும். அதைத் தெரிந்துகொண்டு எத்தனையோ கையுறைகளை அவள் கழித்திருக்கிறாள். இந்த ஜோடியின் உள்துணி காய்ந்திருந்தது. புண்ணின் மஞ்சள்கூடப் படவில்லை. ஈரம் வெளியே இருந்தது. பழுப்புத் தோலின் உள்ளங்கைப் பக்கத்தில், மேலே, நடுவில், ஐந்து சின்ன விரல்களும் ஒரு சின்ன உள்ளங்கையுமாக. கறுப்புத் தோலிலும் இருந்தது, கறுப்பில் தெரியாது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரிந்தது.

நவநீதம் அதன்மேல் விரலை வைக்கவில்லை. வாசலில் வெயில் வந்திருந்தது, வெயிலுக்குக் கொண்டுபோகவில்லை. வெயிலில் காயவைத்தால் தோல் சுருங்கி விறைத்துவிடும். நிழலான இடமாகப் பார்த்து, அதே ஆணியில், ஈரம் வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி இரண்டையும் மாட்டினாள். நாளைக்கும் வேண்டியிருக்கும்.